ஆணையத்தின் கடைசிப் பசிக்காரர்

குவைத்தில் பொது இடுப்பளவு ஆணையம் இருக்கும் கட்டடத்தில் ஊசி போட்டுக்கொள்ளாத ஆள் கடைசியில் ஒருவர்தான் மிச்சம் இருந்தார். அவர் வாகனப் பிரிவின் தலைவர் மர்ஸூக். மூத்த மகன் பெயர் ஜர்ராஹ் என்பதால், ஊர் வழக்கப்படி எல்லாரும் அவரை அபு ஜர்ராஹ் என்றே கூப்பிட்டார்கள்.

ஊசி என்றால் எடை குறைக்கும் ஊசி. வாரத்துக்கு ஒன்று, வயிற்றில் போட்டுக்கொள்வது. போட்டால் பசி அடங்கிவிடும், சதை கரையும். மருந்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கரைக்காரர்களும் முட்டி தேய்ந்தவர்களும் அதைப் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தார்கள், டாக்டரை வாழ்த்தினார்கள். அவரவர் காசில் மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தவரை அதில் ஒரு வில்லங்கமும் இல்லை. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கப்போவதாகச் சொன்னதும் அதற்கு ஓர் ஆணையம் வந்தது. ஆணையம் வந்ததும் தலைமை இயக்குநர் வந்தார். தலைமை இயக்குநர் வந்தால் இலக்கு வராமல் இருக்குமா? வந்தது. நூற்றுக்கு நூறு.

தலைமை இயக்குநர் டாக்டர் பர்ஜஸ் மருத்துவர் இல்லை. துறைமுகத்தில் படியும் மணலை அள்ளுவது பற்றி வெளிநாட்டில் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். யாராவது அதைக் கிளறினால், "கொழுப்பும் ஒரு வகை வண்டல்தான்" என்பார். அதற்குப் பிறகு யாரும் கிளறமாட்டார்கள்.

பதவியேற்ற அன்று அவர் பேசிய பேச்சு இன்றும் மின்தூக்கிக்கு எதிரே சட்டம் போட்டுத் தொங்குகிறது. "ஊசி முழுக்க முழுக்க விருப்பத்தின் பேரில்தான். யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம். கட்டாயப்படுத்தப்படாதவர்கள் தங்களுக்கு ஏன் விருப்பமில்லை என்பதை மட்டும் விளக்க வேண்டும். விளக்கம் எங்களுக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும்." அந்தக் கடைசி வாக்கியத்துக்கு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியதாம். மர்ஸூக்கும் தட்டினார். அப்போது அது தன்னைப் பற்றியது என்று அவருக்குத் தெரியாது.

விளக்கம் கேட்க ஒரு குழு அமைத்தார்கள். பெயர், காரணம் கேட்கும் குழு. ஆரம்பத்தில் அதன் வாசலில் நல்ல கூட்டம். ஊசியைக் கண்டாலே பயம் என்றாள் ஒரு பெண். அவளை ஊசியோடு பழகும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஆள் உயரத்துக்குப் பஞ்சில் செய்த ஊசி ஒன்று இருக்கும், அதைக் காலையும் மாலையும் கட்டிப்பிடிக்க வேண்டும். கல்யாணமாகி நாளாகிவிட்டது, பிள்ளை பெறப் பார்க்கிறோம், இந்த நேரத்தில் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றாள் இன்னொருத்தி. குழு அதை உடனே ஏற்றுக்கொண்டது. ஆதாரமாகக் குழந்தையை ஒன்பது மாதத்துக்குள் நேரில் கொண்டுவரச் சொன்னது. கணக்குப் பிரிவில் ஒல்லிக்குச்சியாக ஒருவர் இருந்தார்; "நான் ஏற்கெனவே ஒல்லிதானே" என்றார். ஊசி இல்லாமல் வந்த ஒல்லி பதிவில் வராத ஒல்லி என்று தீர்ப்பாயிற்று. அவருக்கும் போட்டார்கள். இப்போது அவர் அறைக்குள் இருக்கிறாரா இல்லையா என்று விளக்கைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இப்படி ஒவ்வொருவராகக் காரணம் தீர்ந்து ஊசிக்குப் போனார்கள். மர்ஸூக் மட்டும் நின்றார்.

அவர் ஒன்றும் போராளி இல்லை. எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத மனிதர். கார்க் கதவைத் திறந்தால் முதலில் வயிறு இறங்கும், பிறகு அவர் இறங்குவார். அவ்வளவுதான் அவரால் ஊருக்குத் தொந்தரவு. ரத்தம் சோதித்த டாக்டர், "சோத்தைக் கொஞ்சம் குறைங்க, சாயங்காலம் நடங்க. ஊசி வேணும்னா தர்றேன், வேணாம்னாலும் ஒண்ணும் குடி முழுகிடாது" என்றார். மர்ஸூக் சோற்றைக் குறைத்தார், கடற்கரையில் மனைவியோடு நடந்தார். வேண்டாம் என்றதற்கு அவருக்கு ஒரே ஒரு காரணம் இருந்தது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டார்.

பக்கத்து மேஜை ஃபாலிஹுக்குத்தான் அவர்மேல் அக்கறை. ஊசி போட்டு இளைத்து, கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடக்கிறவர்.

"அபு ஜர்ராஹ், உனக்கு என்னய்யா தலையெழுத்து? எறும்பு கடிச்ச மாதிரி ஒரு குத்து. முடிஞ்சுது."

"எனக்கு வேணாம்பா."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்."

"அது காரணம் இல்ல. குழு ஒத்துக்கிற காரணம் மூணே வகைதான். மருத்துவம், மார்க்கம், தேசம். இதுல ஏதாவது ஒண்ணைப் புடிச்சுக்கோ. இல்லேன்னா கால்சட்டையைப் புடிக்கத் தயாராயிக்கோ."

முதல் தடவை மருத்துவத்தைப் பிடித்துக்கொண்டு போனார் மர்ஸூக். நீள மேஜைக்குப் பின்னால் டாக்டர் பர்ஜஸ் நடுவில் இருந்தார். ஒரு பக்கம் டாக்டர் லுல்வா; குழுவில் உண்மையான டாக்டர் அவர் ஒருவர்தான், அதனால் அவரை அதிகம் பேசவிடுவதில்லை. மறுபக்கம் மார்க்க ஆலோசகர் ஷேக் துவைனி. ஓரத்தில் புள்ளிவிவர அதிகாரி. எல்லாருக்கும் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மேஜைமேல் ஒரு தட்டில் பேரீச்சம்பழம் இருந்தது, குழு அமைத்த நாளில் வைத்தது.

"வாந்தி வரும்னு சொல்றாங்க" என்றார் மர்ஸூக்.

டாக்டர் லுல்வா வாயைத் திறந்தார். "சிலருக்கு வரும், அப்படி வந்தா அளவைக் குறைச்சு..."

"வாந்தி வந்தா மருந்து ஒத்துழைக்குதுன்னு அர்த்தம்" என்று முடித்துவைத்தார் டாக்டர் பர்ஜஸ். "எங்க ஊழியர்கள்ல பாதிப் பேர் அந்த அளவுக்குக்கூட ஒத்துழைக்கிறதில்ல. அடுத்து?"

"ஒருதடவை ஆரம்பிச்சா விடாம போட்டுக்கிட்டே இருக்கணுமாம். நிறுத்தினா உடம்பு பழையபடி ஆயிடுமாம்."

புள்ளிவிவர அதிகாரி நிமிர்ந்தார். "அரசாங்க வேலையும் அப்படித்தான். ஒருதடவை சேர்ந்தா விடாம இருக்கணும், நிறுத்தினா நீங்க பழையபடி ஆயிடுவீங்க. அதுக்காக வேலையே வேணாம்னு சொன்னீங்களா?"

மர்ஸூக் சொல்லவில்லைதான். எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த வாரம் மார்க்கம். ரமலான் நெருங்கிக்கொண்டிருந்தது. மர்ஸூக் நன்றாக யோசித்து, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

"ஷேக் அவர்களே, நோன்புங்கிறது பசியைப் பொறுத்துக்கிறது. பசியே இல்லாதவனுக்கு நோன்பு என்ன, சாதாரண நாள் என்ன? நான் எதைப் பொறுத்துக்கிறது?"

ஷேக் துவைனி கண்ணை மூடினார். மிக நல்ல கேள்வி என்றார். பெரியவர்கள் பலர் பலவிதமாகச் சொல்லக்கூடும் என்றார். "என்னையே எடுத்துக்குங்க. போன ரமலான் முழுக்க, நோன்பு திறக்க பீரங்கி வெடிச்சது எனக்குத் தெரியவே தெரியாது. வீட்டிலேர்ந்து போன் பண்ணி, 'நோன்பு முடிஞ்சுது, தண்ணியாவது குடிங்க'ன்னு சொல்லுவாங்க. ஒரு மாசம் போனதே தெரியல. இந்த மாதிரி ஒரு லேசான ரமலான் என் வாழ்க்கையிலேயே பார்த்ததில்ல." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமைதான் இருக்க வேண்டும். ஆனால் கண்ணைத் திறந்தபோது என்னவோ தொலைத்தவர்போல் பேரீச்சம்பழத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மார்க்கம் சரியாப் போச்சு. தள்ளுபடி" என்றார் டாக்டர் பர்ஜஸ்.

தேசத்தைப் பிடிக்க மர்ஸூக்குக்குத் தெம்பில்லை. மூன்றாவது தடவை போனபோது வாயில் பொய் வரவில்லை. உண்மை வந்துவிட்டது.

"ஆயுசு நீளட்டும் டாக்டர். எனக்குப் பசியோட வீட்டுக்குப் போறது புடிக்கும்."

குழு ஒன்றும் புரியாமல் பார்த்தது.

"ரெண்டு மணிக்கு ஆபீஸ் விடுது. வண்டியில போறப்பவே வயிறு கூப்பிட ஆரம்பிச்சுடும். வீட்டுப் படியில ஏறுறப்ப, உள்ளே உலர்ந்த எலுமிச்சை போட்டுக் கறி வேகுற வாசனை வரும். மச்பூஸ் சோறு, மேல வதக்கின வெங்காயம், திராட்சை. பக்கத்துல தக்காளிச் சாறு. நானும் என் வீட்டுக்காரியும் ஒரே தாம்பாளத்துல எதிரும் புதிருமா உக்காந்து சாப்பிடுவோம். கல்யாணமான நாள்லேர்ந்து அப்படித்தான். எனக்கு நல்லாப் பேச வராது. அவளும் அதிகம் பேசமாட்டா. நான் சாப்பிடுறதைப் பார்த்துக்கிட்டே, நல்ல துண்டா எடுத்து என் பக்கமா நகர்த்துவா. சண்டை போட்ட நாள்லகூட நகர்த்துவா, கொஞ்சம் வேகமா நகர்த்துவா. எனக்குப் பசியில்லாம போயிட்டா அவ யார் பக்கம் நகர்த்துவா? அதனால வேணாங்கிறேன்."

ஷேக் எச்சில் விழுங்கினார். புள்ளிவிவர அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் லுல்வா மெதுவாக, "தக்காளிச் சாத்துல பூண்டு போடுவாங்களா?" என்று கேட்டார்.

"நிறைய" என்றார் மர்ஸூக்.

டாக்டர் பர்ஜஸ் தொண்டையைக் கனைத்தார். "இங்க பாருங்க அபு ஜர்ராஹ். மனசை நான் மதிக்கிறேன். எங்க வீட்டிலயும் மனசு இருக்கு. ஆனா பசிங்கிறது பின்தங்கின பழக்கம். தண்ணியில்லாத காலத்துல, ஒட்டகம் மேய்ச்ச காலத்துல நம்ம பெரியவங்களுக்கு வேற வழியில்ல, பசிச்சாங்க. இப்ப நமக்கு எண்ணெய் இருக்கு. இன்னும் எதுக்குப் பசிக்கணும்?" பிறகு தீர்ப்பைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குள் மர்ஸூக் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பாலைவனத்தில் எல்லைச் சாவடிக்கு மாற்றம். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரலாம், மதியச் சாப்பாடு டப்பாவில் வரும். "இதுலயும் கட்டாயம் இல்ல. ரெண்டுல எது வேணுமோ அதை நீங்களே விரும்பி எடுத்துக்கலாம்."

முன்னால் போனால் கடிக்கும், பின்னால் வந்தால் உதைக்கும் என்கிற கதைதான். ஊசி போட்டால் பசி இருக்காது. சாவடிக்குப் போனால் பசி இருக்கும், ஸபீக்கா இருக்கமாட்டாள்.

ஸபீக்கா என்பவள்தான் அந்த வீட்டுக்காரி. விஷயத்தைக் கேட்டு அவள் அழவில்லை, ஆணையத்தைத் திட்டவுமில்லை. "இன்னும் வெள்ளிக்கிழமை ஒண்ணு இருக்கு இல்ல?" என்றாள். "வெள்ளிக்கிழமைக்கு வௌவால் மீன் வாங்கிட்டு வாங்க. நல்லதாப் பார்த்து வாங்குங்க. கடைக்காரன் சிரிச்சுப் பேசினா ஏமாந்துட்டு வராதீங்க."

வெள்ளிக்கிழமை வந்தது. மர்ஸூக் பள்ளிவாசலிலிருந்து திரும்பிக் கைகழுவி உட்கார்ந்தார். தாம்பாளத்தில் மஞ்சள் சோறு, அதன்மேல் பொரித்த மீன். வேண்டுமென்றே காலையில் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தார். பசி என்றால் அப்படி ஒரு பசி. ஸபீக்கா எதிரே உட்கார்ந்து, முள்ளை எடுத்துவிட்டு, நல்ல துண்டாக ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர், பிஸ்மில்லாஹ் என்று கையை நீட்டினார்.

வாசல் மணி அடித்தது. விட்டு விட்டு இல்லை, ஒரே மூச்சாக அடித்தது.

கதவைத் திறந்தால் ஃபாலிஹ். கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றார். பின்னால் ஆணையத்தின் கார்.

"அபு ஜர்ராஹ், சாப்பிட்டுட்டியா?"

"இப்பத்தான் உக்காந்தேன்."

"அல்ஹம்துலில்லாஹ். கை வைக்காத. கிளம்பு."

"என்னய்யா ஆச்சு? முதல்ல அந்த வண்டியை யார் வெளியே எடுத்தது? என் கையெழுத்து வேணுமே."

"அதையும் வாங்கத்தான் வந்திருக்கேன். கேளு. இன்னிக்கு டாக்டர் பர்ஜஸ் பண்ணைவீட்டுல பெரிய விருந்து. துணைச் செயலாளர்லேர்ந்து பிரிவுத் தலைவருங்க வரைக்கும் எல்லாரும் போயிருக்கோம். உன்னை ஏன் கூப்பிடலன்னு கேக்காத, உனக்கே தெரியும். முழு ஆட்டுக்குட்டி வச்சுத் தாம்பாளம் வந்துச்சு. எல்லாருமே ஊசிக்காரங்க. ஆளுக்கு நாலு பருக்கையைத் தொட்டுட்டு எழுந்துட்டோம். ஆடு வந்தது வந்தபடி படுத்திருக்கு. பர்ஜஸுக்கு முகம் செத்துப்போச்சு. அவங்க அப்பா, தாத்தா பழக்கம் வாயில வந்துடுச்சு. 'எல்லாரும் உக்காருங்க. இந்தத் தாம்பாளத்துல ஒரு துண்டுக் கறி மிஞ்சினாலும் என் பெண்டாட்டிக்குத் தலாக்'னு சொல்லிட்டாரு."

இது ஊரில் புதிதல்ல. விருந்தாளியை உட்காரவைக்க அந்தக் காலத்துப் பெரியவர்கள் இப்படிச் சத்தியம் செய்வார்கள். விருந்தாளியும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து தின்று தீர்ப்பான். ஒரு குடும்பமும் கெட்டதில்லை. தின்ன வயிறு இருந்த காலம் அது.

"சொன்னா என்ன? ஒரு தலாக்தானே, திரும்பச் சேத்துக்கலாமே" என்றார் மர்ஸூக்.

"ரெண்டு ஏற்கெனவே போச்சு. பதவியேற்பு விருந்துல ஒண்ணு, மைத்துனன் வீட்டுக் கல்யாணத்துல ஒண்ணு. ரெண்டும் ஊசி வந்ததுக்கு அப்புறம். இது மூணாவது. இன்னிக்கு மிஞ்சினா மிஞ்சினதுதான், அந்தம்மா பொறந்த வீட்டுக்குப் போகணும். மைத்துனனுங்க மூணு பேரும் கையைக் கட்டிக்கிட்டு எதிர்லயே உக்காந்திருக்கானுங்க."

"அவனுங்க சாப்பிடலாமே."

"குடும்ப ஒதுக்கீட்டுல முதல் ஊசி போட்டுக்கிட்டதே அவனுங்கதான்."

"சும்மா பழக்கத்துல சொன்னேன், மனசுல நினைக்கலன்னு சொல்லிடலாம் இல்ல?"

"ஷேக்கும் அதைத்தான் கேட்டாரு. எப்படிச் சொல்லுவாரு? நினைக்கலன்னா, விருந்தாளியைச் சாப்பிடச் சொன்னதே பொய்யின்னு ஆயிடும். துணைச் செயலாளர் முன்னாடி அப்படிச் சொல்லிட்டு நாளைக்கு வெளியில தலைகாட்ட முடியுமா? தலாக்கே தேவலாம்னு நிக்கிறாரு. சமையல்காரனுங்க தின்னாலும் செல்லாதாம், அழைச்ச விருந்தாளிதான் தின்னணுமாம். உன்னை இப்ப அழைச்சாச்சு. ஆணையத்துல பசி இருக்கிற ஆள் நீ ஒருத்தன்தான்யா."

மர்ஸூக் திரும்பிப் பார்த்தார். ஸபீக்கா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"போகமாட்டேன்" என்றார் அவர். "என் பசி இது. இன்னும் ரெண்டு நாளைக்குத்தான் மிச்சம் இருக்கு. அந்த ஆளுக்காக அதைச் செலவழிக்கணுமா?"

"அவருக்காக இல்ல" என்றாள் ஸபீக்கா. "உள்ளே ஒருத்தி உக்காந்திருப்பா, அந்தக் கறி கொறையுதா கொறையுதான்னு கதவிடுக்குல பார்த்துக்கிட்டு. அவ என்ன பாவம் பண்ணினா? போயிட்டு வாங்க. நான் மூடி வைக்கிறேன். நீங்க வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம்."

மர்ஸூக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

பண்ணைவீட்டுக் கூடத்தில் அத்தனை அதிகாரிகளும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தாம்பாளம். அவர் நுழைந்ததும் துணைச் செயலாளரே எழுந்து வழிவிட்டார். இவ்வளவு நாளும் அவர் வயிற்றை ஓரக்கண்ணால் பார்த்தவர்கள், இன்று அதை நேராகப் பார்த்தார்கள், பார்த்து நிம்மதியடைந்தார்கள். டாக்டர் பர்ஜஸ் தன் கையால் தண்ணீர் ஊற்றி அவர் கையைக் கழுவிவிட்டார்.

"அண்ணே, மெதுவாச் சாப்பிடுங்க" என்றார். இதுவரை அபு ஜர்ராஹ் என்று கூப்பிட்டவர்.

மர்ஸூக் சாப்பிட ஆரம்பித்தார். ஒரு பக்கத் தொடை போனது. முதுகில் பாதி போனது. பசி தீர்ந்தது, அதற்குப் பிறகும் ஆடு இருந்தது. அப்போதுதான் ஷேக் துவைனி தாம்பாளத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சத்தியத்தில் 'கறி' என்றுதான் சொல்லப்பட்டது, வால் கொழுப்பு கறியாகாது என்று தீர்ப்புச் சொன்னார். கொழுப்பை ஒதுக்கினார்கள். ஈரல் கறியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, வேறுபாடு இருக்கும் இடத்தில் குடும்பத்துக்கு எது நல்லதோ அதுவே சரி என்றார். ஈரலும் போனது. தலையைத் தனியாக 'தலை' என்றுதான் சொல்வார்கள், 'கறி' என்று யாரும் சொல்வதில்லை. எலும்போடு ஒட்டியது எலும்பைச் சேர்ந்தது. இப்படியாகப் பாதி ஆட்டைச் சட்டம் தின்றது, பாதி ஆட்டை மர்ஸூக் தின்றார்.

கடைசித் துண்டு முன்னங்காலில் இருந்தது. மர்ஸூக்குக்கு மூச்சு முட்டியது, கண்ணில் தண்ணீர் வந்தது. வேண்டாம் என்று எழுந்துவிடலாம். ஊசி போடச் சொன்னவன் வீடு எக்கேடு கெட்டால் என்ன. அந்த நேரத்தில் உள்கதவு இம்மியளவு திறந்திருப்பதைப் பார்த்தார். இடுக்கில் யாரோ நின்றிருந்தார்கள். அவர் அந்தத் துண்டை வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

மைத்துனர்கள் கட்டிய கையை அவிழ்த்தார்கள். உள்ளேயிருந்து, மயிரிழையில் தப்பிய அந்த அம்மாளின் குரல் கேட்டது: "அந்த மகராசருக்கு இன்னொரு தாம்பாளம் கொண்டாங்க." ஒருவரும் சிரிக்கவில்லை. டாக்டர் பர்ஜஸ் தலைப்பாகைத் துணியைக் கடித்துக்கொண்டார், மறுபடி வாயிலிருந்து ஏதாவது வந்துவிடக் கூடாதே என்று.

மர்ஸூக் வீடு திரும்பியபோது சூரியன் இறங்கிவிட்டது. ஸபீக்கா சாப்பிடாமல் காத்திருந்தாள். மூடியைத் திறந்து, சூடுபண்ணி வைத்து, அதே துண்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அவரால் அதைத் தொட முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக, "எனக்கு வேணாம்" என்றார்.

"பரவாயில்ல" என்றாள் அவள். "நாளைக்குச் சாப்பிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை குழு கூடியது. மர்ஸூக் எல்லைச் சாவடிக்குப் பெட்டி கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். ஆனால் அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"காரணம் ஏற்கப்பட்டது" என்றார் டாக்டர் பர்ஜஸ்.

"எந்தக் காரணம்?"

"குடும்ப நலன்."

"என் குடும்பமா?"

"என் குடும்பம்" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல். பிறகு எழுந்து நின்று பேசினார். "பசியைப் பத்தி நான் முன்னாடி சொன்னது தப்பில்ல. ஆனா முழுமையில்ல. எல்லாருக்கும் பசிச்சா அது பின்தங்கின நாடு. ஒருத்தருக்குமே பசிக்கலன்னா விருந்து வைக்க முடியாது, விருந்து வைக்காம நாம எப்படித் தலைநிமிர்ந்து நடக்கிறது? அதனால ஒரு நாட்டுக்கு ஒரு பசி வேணும். ஒண்ணு போதும். அதை அரசாங்கமே வச்சு, தேவைப்படுற இடத்துக்கு அனுப்பணும். அபு ஜர்ராஹ் அவர்களே, உங்களுக்கு ஊசியிலேர்ந்து நிரந்தர விலக்கு."

மர்ஸூக்குக்கு ஒரு சந்தேகம். "அப்ப நூத்துக்கு நூறு வராதே?"

"வந்துடுச்சு" என்றார் புள்ளிவிவர அதிகாரி. "உங்களை ஆட்கள் கணக்கிலேர்ந்து எடுத்து உபகரணங்கள் கணக்குல சேர்த்தாச்சு. உங்க வாகனப் பிரிவுலயே வர்றீங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். மர்ஸூக்கும் தட்டினார். ஊசியும் இல்லை, சாவடியும் இல்லை. வேறென்ன வேண்டும் மனிதனுக்கு? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பாடிக்கொண்டு போனார். அன்று மட்டும் பாடினார்.

திங்கட்கிழமை துணைச் செயலாளர் வீட்டு மதிய விருந்து. செவ்வாய்க்கிழமை சுங்கத் துறையில் யாரோ சத்தியம் செய்துவிட்டார்கள். புதன்கிழமை ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில், நடுவில் காவல்துறை மோட்டார் சைக்கிள் முன்னால் போக அவரைக் கொண்டுபோனார்கள். ஆள் இருக்கிறார் என்ற தைரியம் வந்ததும், அடங்கியிருந்த வாய்களெல்லாம் திறந்துகொண்டன. ஊரில் இத்தனை ஆண்கள் இத்தனை சுலபமாகத் தலாக் சொல்வார்கள் என்று மர்ஸூக்குக்கு அதுவரை தெரியாது. மறுத்தால் ஒரு பெண்ணின் வீடு போகும். மறுக்க அவருக்கு மனசு வரவில்லை, அந்த மனசு ஆணையத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். பசி அரசாங்கச் சொத்தானால் என்னென்ன பறந்துபோகும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

ஸபீக்கா தினமும் சமைத்தாள். இரண்டரை மணிக்குத் தாம்பாளத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். கார் வந்து நிற்கும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

ஒரு நாள், அது உலர்ந்த எலுமிச்சை போட்ட மச்பூஸ், மர்ஸூக் படியேறும்போது வாசனை வந்தது. அது வந்ததும் வயிறு கூப்பிடும் என்று ஒரு நிமிடம் படியிலேயே நின்று காத்திருந்தார். கூப்பிடவில்லை. உள்ளே போய் அவள் எதிரே உட்கார்ந்தார். அவள் சாப்பிட்ட பக்கத்தில் சோறு கொஞ்சம் குழிந்திருந்தது. அவர் பக்கத்தில் பரப்பிய சோறு பரப்பியபடி இருந்தது. அவள் பழக்கம் விடாமல் ஒரு துண்டை எடுத்து நகர்த்தினாள்.

"பசிக்கல" என்றார் மர்ஸூக். "உனக்குத் தெரியுமா, இப்பல்லாம் எனக்குப் பசிக்கிறதே இல்ல."

ஸபீக்கா அந்தத் துண்டைத் திரும்பத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள்.

"அப்படின்னா ஊசியையே போட்டிருக்கலாம்" என்றாள். "அது வாரத்துக்கு ஒரு நாள்தான்."